தறி நின்ன ராத்திரிகள்

ஆண்டவரே,
தேவரீர்னு ஆரம்பிக்க எனக்கு வாய் வரலீங்க.
சோமனூர்ப் பேச்சுலயே சொல்லிப் போடறேன்.

எங்க வளவுல பொறக்குற கொழந்தைக
தறிச் சத்தத்துலதான் தூங்கும்.
சத்தம் நின்னாத்தான் முழிச்சுட்டு அழுகும்.
நடுச்சாமத்துல கரண்ட்டுப் போனா
பதினெட்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல
எளவு உழுந்தாப்புல கேக்குமுங்க.
வெளியூர்க்காரங்ககிட்டச் சொன்னா
சிரிச்சுட்டுப் போயிருவாங்க.

கூலி ஒப்பந்தம் முறிஞ்சு
தறியெல்லாம் நிறுத்துனாங்களே, அன்னிக்கு
ஊரே ஊமையாப் போச்சு.
ஏத்துன பாவு ஏத்துனபடி,
நாடா பாதி வழியில,
துணி மேல பஞ்சும் தூசியும்.
மொத வாரம் நல்லாத்தான் இருந்துச்சு.
குருவி கத்துறது காதுல உழுந்துச்சு.
இவரு சொல்றதெல்லாம்
மொதத் தடவையே கேட்டுச்சு.
ரெண்டாம் வாரம்
மளிகைக்கடை மருதாசலம்
கடன் நோட்டை மூடி வெச்சுட்டாரு.

அப்புறம் நாளை எண்ணுறதை உட்டுட்டேன்.
வட்டிக்காரரு மட்டும் தவறாம வந்தாரு.
ஒரு மாசம் அவரும் வரலை.
காரணம்பேட்டை வளைவுல வண்டி சறுக்கி
முட்டி வரைக்கும் மாவுக்கட்டாமா.
இதை உங்க கிருபைன்னு எழுதறதா,
அய்யோ பாவம்னு எழுதறதா?
எந்தக் கணக்குல சேக்கறதுன்னு தெரியாம
அவரு காலுக்கும் சேத்து
ஒரு ஜெபம் பண்ணி வெச்சேன்.

சபையில சாட்சி நேரம்.
வீடு கட்டுனவங்க எந்திரிச்சாங்க,
விசா கெடைச்சவங்க எந்திரிச்சாங்க.
நான் முந்தானையைத் திருகிட்டு
உக்காந்தேதான் இருந்தேன்.
என்னோடது ரொம்பச் சின்னதுங்க.
எதிர்வீட்டு ராமாத்தா
"எச்சா ஆட்டிட்டேன், புளிச்சுப் போயிரும்"னு
வாரத்துல மூணு நாளு பொய் சொல்லிக் குடுத்த
ஒரு போசி மாவு.
அதை மைக்குல சொன்னா
அவ மொகத்தை எங்க கொண்டு போயி வெப்பா?

உங்க மேல கோவமாவும் இருந்தேன்.
தெரிஞ்சிருக்குமுங்க.
ரெண்டு வாரம் முழங்கால் போடவே இல்ல.

அந்த ராத்திரி ஒபேது தூங்கவே இல்ல.
நாலு வயசு.
"சத்தம் போடச் சொல்லும்மா"ன்னு
இருட்டைப் பாத்து அழுதுட்டுக் கெடந்தான்.
யாருகிட்டப் போயிச் சொல்றது?
தகரப் பொட்டியைப் பக்கத்துல இழுத்துப் போட்டு
நாடா போயிட்டு வர்ற கதியிலயே
விரல்ல தட்டுனேன்.
டக்கடா டக்கடா டக்கடா.
கண்ணு சொருகுச்சு அவனுக்கு.
நிறுத்துனா இமை அசையுது.
நிறுத்தலை.
இந்தக் கை மரத்து அந்தக் கை,
அந்தக் கை மரத்து இந்தக் கை,
நாலரை மணி பஸ்ஸு
ஆரன் அடிக்கிற வரைக்கும்.

அப்பத்தானுங்க கேட்டுச்சு.
என் விலாவுக்குள்ள
அதே கதியில ஒண்ணு
அடிச்சுட்டே இருந்துச்சு.
முப்பத்தியொரு வருசமா.
ஸ்டிரைக்கு இல்ல, பவர்கட்டு இல்ல,
நான் தட்டச் சொல்லிக் கேட்டதுமில்ல,
தட்டுனதுக்கு ஒரு நாளும் கூலி குடுத்ததுமில்ல.

உங்க கை மரத்துப் போகலீங்களா?

கேட்டதுல பாதிக்கும் கொறைச்சலாத்தான்
ஒப்பந்தம் ஆச்சு.
எங்க மொதலாளி பன்னெண்டு தறியில எட்டைப்
பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு.
சம்மட்டியால ஒடைச்சு ஏத்துனப்ப
இவரு பாக்க மாட்டாம உள்ள வந்துட்டாரு.
இப்ப சாயப் பட்டறைக்குப் போறாரு;
நகக்கண்ணு நீலமாவே இருக்குது.
மிச்ச நாலுல ரெண்டு, பகல்ல எனக்கு.

பக்கத்துக் குடோன்ல ராத்திரித் தறி ஓடுது.
ஒபேது வாயைத் தொறந்துட்டுத் தூங்கறான்.
இந்த எரைச்சல்ல
நீங்க தட்டுறது மறுபடியும் கேக்க மாட்டேங்குது.
பரவால்லீங்க.

நாளைக்கு சனிக்கிழமை, கூலி நாளு.
அரிசியா, வட்டியா,
இவனுக்குச் செருப்பாங்கறதைக்
காலையில கேக்கறேன்.
இப்போதைக்கு நீங்க முழிச்சிருங்க.
எனக்குத் தூக்கம் வருதுங்க.